கரும்புள்ளிகளின் கணக்கு

"ஆள் செத்தாத்தான் சிக்னல் வைப்பாங்க." மதுரை டீக்கடையிலும் இது காதில் விழும், சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் சாப்பாட்டு மேசையிலும் விழும். சொல்கிறவர் கோபத்தில் சொல்கிறார், அந்தக் கோபத்துக்குக் காரணமும் உண்டு. 2018 ஏப்ரலில் காமன்வெல்த் அவென்யூ வெஸ்ட், கிளமெண்டி சாலை சந்திப்பில் ஒரு டாக்சி வலப்பக்கம் திரும்பியது. எதிரே நேராக வந்த கார் அதன்மீது மோதி, டாக்சியில் இருந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் இறந்தார். எதிர்வரும் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று ஓட்டுநரே கணித்துத் திரும்பும் முறை அப்போது பல சந்திப்புகளில் இருந்தது. அதன் பிறகுதான் சுமார் 1,200 சந்திப்புகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறி விளக்குகளை விரிவாக்கும் வேலை வேகம் பிடித்தது.

இந்தக் கோபத்துக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு சந்திப்பு ஆபத்தானது என்பதை அரசு எப்படித் தெரிந்துகொள்கிறது? விளக்கோ கேமராவோ வைத்தபின் விபத்து குறைந்தால், வைத்ததால்தான் குறைந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறது? முதல் கேள்வி கடினமாகத் தோன்றும், ஆனால் அதற்குக் கருவிகள் இருக்கின்றன. இரண்டாவது எளிதாகத் தோன்றும். பெரிய பெரிய துறைகளே சறுக்கிய இடம் அதுதான்.

ஹாம்ப்ஷயர் சாலையில் ஒரு கட்டடம்

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையின் பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் விட்டு மேற்கே சில நிமிடம் நடந்தால் ஹாம்ப்ஷயர் சாலை. முன்பு கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இயங்கிய அந்த வளாகத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம் இருக்கிறது. 1995இல் உருவான இந்த ஆணையம்தான் சிங்கப்பூரின் சாலைகளையும் விளக்குகளையும் ரயில்களையும் திட்டமிடுகிறது.

அதன் கண்கள் நகரெங்கும் இருக்கின்றன. சந்திப்புகளில் நிறுத்தக் கோட்டுக்கு அடியில், தாருக்குள் கம்பிச்சுருள் புதைந்திருக்கும். மேலே வண்டி வந்து நின்றால் சுருளில் ஓடும் மின்சாரம் சற்று மாறும். வரிசையில் எத்தனை வண்டி, பச்சையை எவ்வளவு நேரம் நீட்டலாம் என்பதை 'கிளைட்' என்ற கணினி முறை அதைக் கொண்டு முடிவு செய்கிறது. விரைவுச்சாலைகளில் கேமராக்கள் பழுதாகி நின்ற வண்டியைக் கண்டுபிடித்து, பின்னால் வருகிறவர்களுக்கு மின்பலகையில் எச்சரிக்கை காட்டுகின்றன. இவற்றில் ஒரு பகுதியை 'டேட்டாமால்' தளத்தில் பொதுமக்களும் பார்க்கலாம்: எந்தச் சாலையில் என்ன வேகம், எங்கே தடங்கல், இந்த நிமிடம் கேமராவில் தெரியும் படம்.

விபத்து நேரும்போது வேறொரு ஏடு திறக்கிறது. போக்குவரத்துப் போலிஸ் ஒவ்வொரு விபத்தையும் ஒரு வரியாகப் பதிகிறது: இடம், நேரம், வெளிச்சம், மழை, எந்த வண்டி, எந்தத் திசை, யாருக்கு எவ்வளவு அடி. 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சேரும் இடத்தில், இதே தலைமையகத்துக்குப் பக்கத்தில், தனியார் பேருந்தில் அடிபட்டு ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்தார். உலகம் அந்த இரவை அதையடுத்து வெடித்த கலவரமாக நினைவில் வைத்திருக்கிறது. சாலை விபத்து ஏட்டில் அது ஒரு பாதசாரி மரணம், ஒரு வரி. ஒற்றை வரியிலிருந்து ஒரு சாலையைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. நூறு வரிகளை வரைபடத்தில் பரப்பினால் ஓர் உருவம் தெரியத் தொடங்கும்.

வரைபடத்தில் திரளும் புள்ளிகள்

விபத்துகள் ஒரே இடத்தில் குவிந்தால் அந்த இடத்தைக் கரும்புள்ளி என்பார்கள். சிங்கப்பூரில் இத்தகைய இடங்களைக் கண்டறிந்து சரிசெய்யும் திட்டம் 2005 முதல் நடக்கிறது. இந்தியாவின் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மத்திய அரசு ஓர் இலக்கணமே வகுத்தது. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், மரணமோ பலத்த காயமோ விளைவித்த விபத்து ஐந்து நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், அது கரும்புள்ளி. 2022இல் மட்டும் 1,68,491 பேரைச் சாலையில் இழந்த நாட்டுக்கு இப்படி ஒரு சல்லடை இல்லாமல் முடியாது. சென்னை ஐஐடி வடிவமைத்த 'ஐராட்' செயலி இந்தச் சல்லடைக்குத்தான் தானியம் சேர்க்கிறது. விபத்து இடத்தில் நிற்கும் காவலர் கைப்பேசியிலேயே இடத்தைக் குறித்து, படம் எடுத்து ஏற்றுகிறார். முன்பெல்லாம் 'பெரிய புளியமரத்துக்கு அருகில்' என்று எழுதியது இப்போது அட்சரேகை, தீர்க்கரேகையாக ஏறுகிறது.

ஆக, புள்ளிகள் கிடைத்துவிட்டன. மிக மோசமானவற்றைத் தேர்ந்து வேலை செய்கிறோம். மறு ஆண்டு விபத்து குறைகிறது. இங்கேதான் கண்ணி இருக்கிறது.

பகடை உருட்டும் 36 சந்திப்புகள்

கற்பனையாக ஒரு நகரம். அதில் 36 சந்திப்புகள். ஒன்றுக்கொன்று எந்த வேறுபாடும் இல்லை: அதே அகலம், அதே விளக்கு, அதே நெரிசல். ஆபத்தும் அச்சு அசலாக ஒன்றே. ஓர் ஆண்டில் எத்தனை விபத்து என்பதை ஒவ்வொரு சந்திப்பும் இரண்டு பகடைகளை உருட்டித் தீர்மானிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகடையில் விழும் கூட்டுத்தொகைதான் விபத்து எண்ணிக்கை. குறைந்தது 2, அதிகம் 12, சராசரி 7.

36 முறை உருட்டினால் சராசரிக் கணக்குப்படி ஒரு சந்திப்புக்கு 12 விழும். இரண்டுக்கு 11, மூன்றுக்கு 10. நகரத்தின் சாலைப் பொறியாளர் பட்டியலைப் பார்க்கிறார். பத்தும் அதற்கு மேலும் வந்த ஆறு சந்திப்புகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, கரும்புள்ளி என்று அறிவிக்கிறார். அந்த ஆறிலும் சேர்ந்து 64 விபத்துகள். ஒரு சந்திப்புக்குச் சராசரி பத்தரைக்கும் மேல். ஆறிலும் கேமரா வைக்கிறார்.

மறு ஆண்டு எல்லாச் சந்திப்புகளும் மறுபடி பகடை உருட்டுகின்றன. பகடைக்கு ஞாபகசக்தி கிடையாது. போன முறை 12 விழுந்த பகடைக்கும் இந்த முறை சராசரி 7தான். ஆறு சந்திப்புகளிலும் சேர்த்து எதிர்பார்க்கக்கூடியது 42. 64லிருந்து 42க்கு இறக்கம், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல். 'கேமராக்களால் விபத்துகள் 34 விழுக்காடு குறைந்தன' என்று அறிக்கை வெளியாகிறது. எண்ணில் பொய் இல்லை. யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆனால் கேமரா எதையும் செய்யவில்லை. ஆறு கம்பங்களில் காலிப் பெட்டியை மாட்டியிருந்தாலும் இதே இறக்கம் வந்திருக்கும்.

பட்டியலின் மறு கோடியையும் பாருங்கள். முதல் ஆண்டில் 2, 3, 4 என்று விழுந்த ஆறு சந்திப்புகளில் மொத்தம் 20 விபத்துகள்தான். மறு ஆண்டு அவையும் 42க்கு ஏறுகின்றன, இரு மடங்குக்கும் மேல். 'கேமரா வைக்காத இடங்களில் விபத்து இரட்டிப்பானது' என்று எவரேனும் சொன்னால் அதையும் மறுக்க முடியாது. ஒரே பகடையிலிருந்து இரண்டு வலுவான வாதங்கள், இரண்டும் வெறும் காற்று.

இதற்கு 'சராசரிக்குத் திரும்புதல்' என்று பெயர். ஃபிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டபோது இதைக் கண்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாக இருந்தாலும், சராசரியாகப் பார்த்தால் அத்தனை உயரமில்லை. உச்சத்தைத் தொட்டதை மட்டும் பொறுக்கி எடுத்து மறுமுறை அளந்தால், அது நடுவை நோக்கி நகர்ந்திருக்கும். கரும்புள்ளித் திட்டம் என்பதே உச்சத்தைத் தொட்ட இடங்களைப் பொறுக்கி எடுப்பதுதான்.

மாயக் குறைவைப் பிடிப்பது

உண்மையான சந்திப்புகள் கற்பனை நகரத்தைப் போல ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலவற்றில் நிஜமாகவே ஆபத்து அதிகம்: மரம் மறைக்கும் விளக்கு, குறுகிய நடைபாதை, பேருந்து நிறுத்தம் தவறான இடத்தில். பொறியாளரின் வேலை, துரதிர்ஷ்டத்தால் 12 விழுந்த சந்திப்பையும் தன் குறையால் 12 விழுந்த சந்திப்பையும் பிரித்தறிவது.

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது. துரதிர்ஷ்டம் ஒரே சந்திப்பில் மூன்று ஆண்டும் தொடர்வது அரிது. இந்திய இலக்கணம் மூன்று ஆண்டு கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, ஒப்பீட்டுக்குச் சில இடங்களை விட்டுவைப்பது. ஆறு கரும்புள்ளிகளில் மூன்றில் மட்டும் கேமரா வையுங்கள். மறு ஆண்டு கேமரா இல்லாத மூன்றும் சராசரி 7க்கு இறங்கி, கேமரா உள்ளவை 5க்கு இறங்கினால், கேமராவின் உண்மைப் பலன் ஏழுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. பத்தரையிலிருந்து கணக்குப் போட்டால் பலனை ஏறத்தாழ மூன்று மடங்காக ஊதிவிடுவோம். ஆபத்தான இடத்தைத் தெரிந்தே விட்டுவைப்பது நியாயமா என்று கேட்பீர்கள். எந்த அரசிடமும் எல்லா இடத்திலும் ஒரே நாளில் வேலை முடிக்கப் பணமும் ஆளும் இருப்பதில்லை. எப்படியும் வரிசைப்படிதான் செய்யப்போகிறோம். அந்த வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால், காத்திருக்கும் இடங்களே ஒப்பீட்டுக்கு உதவும்.

மூன்றாவது வழியை டொராண்டோ பல்கலைக்கழகத்தின் எஸ்ரா ஹாவர் வளர்த்தெடுத்தார். ஒரு சந்திப்பைப் பற்றி நம்மிடம் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன: அதன் சொந்த எண்ணிக்கை, அதைப் போன்ற மற்றச் சந்திப்புகளின் சராசரி. சொந்த எண்ணிக்கை 12, ஒத்த சந்திப்புகளின் சராசரி 7 என்றால், உண்மை ஆபத்து நடுவே எங்கோ இருக்கிறது. ஓர் ஆண்டுத் தகவல்தான் கையில் இருந்தால் 7 பக்கம் சாயுங்கள். பத்து ஆண்டாக 12 வந்துகொண்டிருந்தால் 12 பக்கம் சாயுங்கள். அமெரிக்கப் பொறியாளர்கள் 2010 முதல் பயன்படுத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கையேடு இந்த முறையை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்தக் கண்ணோடு சிங்கப்பூரின் 'சில்வர் ஸோன்' திட்டத்தைப் பார்ப்போம். மூத்தோர் அதிகம் வாழும் வட்டாரங்களில் 2014 முதல் சாலையையே மாற்றியமைக்கிறார்கள். சாலையை ஒடுக்கி, லேசாக வளைத்து, நடுவில் ஒதுங்கி நிற்கத் திட்டு கட்டி, வேக வரம்பை 50லிருந்து 40க்கு இறக்குகிறார்கள். சில இடங்களில் 30. பணி முடிந்த வட்டாரங்களில் மூத்த பாதசாரிகள் சம்பந்தப்பட்ட விபத்து ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்ததாக ஆணையம் சொல்கிறது. அந்த வட்டாரங்களைத் தேர்ந்ததே அங்கே மூத்தோர் விபத்து அதிகம் என்பதால். எனவே 80இல் ஒரு பங்கு பகடையின் வேலையாக இருக்கலாம். அதற்காக முழுவதையும் ஒதுக்கிவிடக் கூடாது, ஏனென்றால் இங்கே பலன் எப்படி வருகிறது என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்க முடியும்.

உலர்ந்த சாலை. பாட்டி ஒருவர் கால் வைத்ததைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது. 40இல் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 11 மீட்டர் ஓடி, பிரேக் பிடித்து இன்னும் 8 மீட்டரில், மொத்தம் 19 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வரும் கார் அந்த விநாடியிலேயே 14 மீட்டர் ஓடியிருக்கும். முதல் கார் நின்ற இடத்துக்கு அது வந்து சேரும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 38 கிலோமீட்டர். வேக வரம்பில் பத்துதான் வேறுபாடு. பாட்டி நிற்கும் இடத்தில் அது பூஜ்ஜியத்துக்கும் 38க்கும் உள்ள வேறுபாடாகிவிடுகிறது.

142 என்பது 136ஐ விடப் பெரிதா?

சிங்கப்பூர்ச் சாலைகளில் 2022இல் 108 பேர் இறந்தனர். 2023இல் 136, 2024இல் 142. செய்தித்தாளுக்கு இது தொடர்ந்து ஏறும் கோடு. புள்ளியியலாளருக்கு இரண்டு ஏற்றமும் ஒரே தரத்தவை அல்ல.

இப்படிப்பட்ட எண்ணிக்கைகளுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. எதுவுமே மாறாவிட்டாலும், ஆண்டு எண்ணிக்கை தன் வர்க்கமூலத்தின் அளவுக்கு மேலும் கீழும் ஆடும். 136இன் வர்க்கமூலம் சுமார் 12. எனவே 136லிருந்து 142க்குப் போன ஆறு, பகடை ஆட்டத்துக்குள் அடங்கிவிடும். அதை மட்டும் வைத்துக்கொண்டு சாலைகள் மேலும் மோசமாகிவிட்டன என்று சொல்ல முடியாது. 108லிருந்து 136க்குப் போன 28 அப்படியல்ல. தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாத தாவல் அது, காரணம் தேடவேண்டியது அங்கே. இறந்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் இந்தக் கணக்கு ஆறுதல் ஆகாது. ஆனால் பொதுப்பணத்தை எங்கே செலவழிப்பது என்று தீர்மானிப்பவருக்கு இது இல்லாமல் முடியாது.

இன்னொரு பொறி, வகுக்கும் எண். 2019இல் 118 ஆக இருந்த மரணம் 2020இல் எண்பதுக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு கிருமித்தொற்றால் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தன. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு, எத்தனை கிலோமீட்டர் ஓடியதில் இறந்தார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது பொறி நுட்பமானது. 2024இல் பிடிபட்ட வேக மீறல்கள் ஏறத்தாழ 1,92,000. முந்திய ஆண்டைவிட 64 விழுக்காடு அதிகம். ஓட்டுநர்கள் அந்த அளவுக்குக் கெட்டுவிட்டார்களா? சிவப்பு விளக்கைத் தாண்டுவோரைப் பிடிக்க 1986 முதல் இருந்துவரும் கேமராக்களில், வேகத்தையும் பிடிக்கும் வசதியை 2024 ஏப்ரல் 1 முதல் போலிஸ் முடுக்கிவிட்டது. கண்கள் கூடினால் காட்சிகளும் கூடும். மீறல் எண்ணிக்கை ஓட்டுநரையும் அளக்கிறது, கேமராவையும் அளக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் பேசுவதில் பயனில்லை.

மரணத்துக்கு முன் எண்ணுவது

இப்போது டீக்கடைக் கோபத்துக்குத் திரும்பலாம். மரணத்தை மட்டும் எண்ணினால், ஒரு சந்திப்பைப் பற்றி உறுதியாகச் சொல்லப் பல ஆண்டும் பல உயிரும் தேவைப்படும். மரணம் அரிது, அரிதானதை எண்ணிப் பாடம் கற்பது மெதுவான வேலை. அதனால் ஆய்வாளர்கள் அடிக்கடி நடப்பதை எண்ணத் தொடங்கினார்கள்.

1960களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் விபத்துகளை விட்டுவிட்டு மயிரிழையில் தப்பியவற்றை எண்ணினார்கள். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹைடன் இதை முறைப்படுத்தினார். யாரும் பிரேக்கை மிதிக்காமல், திரும்பாமல் போயிருந்தால் இன்னும் எத்தனை விநாடியில் மோதியிருப்பார்கள் என்பதே அளவு. ஒன்றரை விநாடி என்றால் கவலைக்குரியது, மூன்று விநாடி என்றால் பரவாயில்லை. அன்று சந்திப்பின் ஓரத்தில் பயிற்சி பெற்ற ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறித்தார்கள். இன்று வீடியோவைப் பார்த்துக் கணினி அதே வேலையைச் செய்கிறது. பத்து ஆண்டு காத்திருந்து கிடைக்க வேண்டிய தகவல் சில வாரங்களில் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு முன்னறிவிப்பு, வேகமே. சுவீடனின் யோரான் நில்சன் திரட்டிய ஆய்வுகளின் சாரம்: சராசரி வேகம் நூற்றில் ஒரு பங்கு கூடினால், உயிர்பறிக்கும் விபத்தின் வாய்ப்பு நூற்றில் நான்கு பங்கு கூடும். அதாவது, ஒரு சாலையில் இன்று வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்று தெரிந்தால், யாரும் இறப்பதற்கு முன்பே அதன் எதிர்காலத்தைப் பற்றி ஓரளவு பேசலாம்.

ஒற்றைக் கேமராவுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆரஞ்சுப் பெட்டியைக் கண்டதும் காலை எடுத்து, தாண்டியதும் அழுத்துவது ஓட்டுநர்களின் கைவந்த கலை. இதற்கு மாற்றாக 2018 டிசம்பரில் சிங்கப்பூரின் தானா மேரா கோஸ்ட் சாலையில் சராசரி வேகக் கேமரா இயங்கத் தொடங்கியது. நான்கு கிலோமீட்டர் நீளத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வண்டி எண்ணைப் படித்து, இடையில் ஆன நேரத்தைக் கணக்கிடும். வரம்பு 70 என்றால் நான்கு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 26 விநாடி ஆக வேண்டும். 2 நிமிடம் 40 விநாடியில் வந்தவர் 90இல் ஓட்டியிருக்கிறார். நடுவில் எங்கே மிதித்தார் என்று தெரியவேண்டியதில்லை.

எண்ணிக்கை எப்போதும் தண்டிக்கத்தான் என்றில்லை. சிங்கப்பூரின் பல பாதசாரிக் கடவைகளில், பொத்தானுக்கு அருகே ஓர் அட்டைப் படிப்பான் இருக்கும். மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாக நிற்பான், கடவையின் நீளத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை. 2009இல் சோதனையாகத் தொடங்கியது இது. 14 மீட்டர் அகலமுள்ள சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் இளைஞர் 12 விநாடியில் கடப்பார். விநாடிக்கு 0.7 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 20 விநாடி. அந்த எட்டு விநாடியை எல்லோருக்குமாக எல்லா நேரமும் கொடுத்தால் போக்குவரத்து முடங்கும், கொடுக்காவிட்டால் முதியவர் நடுச்சாலையில் நிற்பார். யாருக்குத் தேவை என்ற ஒரேயொரு தகவல் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது.

எண்ணும் கண்ணுக்கு எல்லை

1998 முதல் சாலைக் கட்டணம் வசூலித்துவந்த மின்னியல் வளைவுகளுக்குப் பதிலாக, செயற்கைக்கோள் வழி இயங்கும் கருவியை 2023 இறுதி முதல் வண்டிகளில் பொருத்திவருகிறார்கள். பள்ளி வட்டாரமோ சில்வர் ஸோனோ நெருங்கினால் அது ஓட்டுநரை எச்சரிக்கிறது. அதே கருவிக்கு வண்டி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

இங்கே சிங்கப்பூருக்கு ஓர் அனுபவம் உண்டு. தொற்றுக் காலத்தில் 'டிரேஸ்டுகெதர்' செயலியின் தகவல் நோய்த்தொடர்பைக் கண்டறிய மட்டுமே என்று சொல்லப்பட்டது. குற்ற விசாரணைக்குப் போலிஸ் அதைக் கேட்டுப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது மக்கள் முகம் சுளித்தார்கள். மறு மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டு வரம்பு கட்டினார்கள். சாலைத் தகவலுக்கும் இது பொருந்தும். எதற்காகச் சேர்க்கிறோம், எவ்வளவு நாள் வைத்திருப்போம், வேறு யார் பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால், மக்கள் கருவியை அணைக்கும் வழியைத் தேடுவார்கள். பிறகு எண்ணுவதற்கே எதுவும் இருக்காது.

லாரியின் பின்தட்டு

2021 ஏப்ரல் 20 காலை, தீவு விரைவுச்சாலையில் 17 ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் லாரி மீது மோதியது. பின்தட்டில் இருந்தவர்களில் ஓர் இந்தியரும் ஒரு பங்ளாதேஷியரும் இறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் காய்கறிப் பையோடு நடக்கும் ஊழியர்களில் பலர், திங்கள் காலை இதே போன்ற பின்தட்டில் உட்கார்ந்துதான் வேலையிடத்துக்குப் போகிறார்கள். மேற்கூரையும் உயரமான பக்கத் தடுப்பும் இருந்தால் சட்டம் அதை அனுமதிக்கிறது. இடைவார் கிடையாது.

இங்கே தரவு எவ்வளவு தூரம் உதவும்? ஓரளவு உதவியிருக்கிறது. 12,000 கிலோவுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு மட்டும் இருந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவி விதியை 3,501 கிலோ வரை கீழே இறக்கினார்கள். கருவி வண்டியை 60ஐத் தாண்ட விடாது. மிகச் சிலரே முன்வந்து பொருத்துவதைக் கண்டு, 2025இல் காலக்கெடுவையும் முன்னே இழுத்தார்கள். இது நல்ல மாற்றம், நில்சனின் கணக்கும் அதை ஆதரிக்கிறது.

ஆனால் லாரி மோதி நிற்கும்போது, இடைவார் இல்லாதவர் லாரியின் வேகத்திலேயே முன்னால் எறியப்படுகிறார். இதைத் தெரிந்துகொள்ள எந்தக் கேமராவும் வேண்டாம், சராசரிக்குத் திரும்புதல் பற்றிய ஐயமும் இங்கே எழாது. லாரியில் ஆள் ஏற்றுவதைத் தடைசெய்யக் கோரிக்கை எழுந்தபோது, சிறு நிறுவனங்கள் தாங்காது, திட்டங்கள் தாமதமாகும் என்று அரசு 2023இல் பதிலளித்தது. அந்தப் பதிலைச் சரி என்போரும் உண்டு, தவறு என்போரும் உண்டு. இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது விபத்துக் கணக்கைப் பற்றிய பதில் அல்ல, பேருந்துக்கான செலவை யார் ஏற்பது என்பதைப் பற்றிய பதில்.

எந்தச் சந்திப்பில் விளக்கு, எந்தக் கடவையில் எட்டு விநாடி, எந்தக் கேமரா உண்மையில் பயன் தந்தது என்று கேட்டால் தரவு விடை சொல்லும். விபத்து குறைந்தது என்று யார் சொன்னாலும், எதனோடு ஒப்பிட்டு, எத்தனை ஆண்டுக் கணக்கில், எத்தனை கிலோமீட்டருக்கு என்று நாம் கேட்கலாம். லாரி விஷயத்தில் கேட்க வேண்டியது வேறு. அங்கே ஆபத்து எவ்வளவு என்று இன்னும் ஒரு சுற்று எண்ணி முடிக்கும்வரை காத்திருக்க அவசியமில்லை. செலவைப் பங்கிடும் முடிவை நாடாளுமன்றமும் முதலாளிகளும் வாக்காளர்களும்தான் எடுக்க வேண்டும், அதை எந்தக் கணினியிடமும் ஒப்படைக்க முடியாது.